கேட்டு விழாத படம்

தம்பானூர் கேமரா கடைக்கு மனைவி இசக்கிசெல்வியோடு வந்த தங்கபாண்டி, ஒரு நாள் வாடகைக்கு லென்ஸ் கேட்டார்.

"குடும்பப் படம். ஊர்ல மாமியாருக்கு அனுப்பணும். வீட்டுக்குள்ள எடுத்தா சோபா, டிவி, மாடிப்படி எல்லாம் தெளிவா விழணும். வெளிய எடுத்தா எங்க மூஞ்சி மட்டும் தெரியணும், பின்னால எல்லாம் மங்கிரணும்."

மலையாளியான கடைக்காரர் சஜி சிரித்தார். "அதெந்தா அண்ணாச்சி? எல்லாரும் நேர்மாறா கேப்பாங்க. வெளிய தோட்டம், கேட்டு எல்லாம் தெரிஞ்சாத்தானே பங்கி, நல்ல அழகு?"

"ஐயோ, கேட்டு விழவே கூடாது!" இசக்கிசெல்வி பதறினாள். "எங்க அண்ணன் போன்ல படத்தப் பெருசாக்கி, ஒவ்வொரு எழுத்தா வாசிச்சிருவான்!"

"கேட்டுல அப்படி என்ன எழுதியிருக்கு?"

தங்கபாண்டி குரலைத் தாழ்த்தினார்.

"துபாய்ல இருக்கிற வீட்டுக்காரர் பேரு. நான் அங்க வாட்ச்மேன்லா!"