நான்காவது பிரஷ்

காலை வெயில் சன்னல் வழியே விழும் குளியலறையில், சொந்த வீட்டுக் குழாயைப் பிரித்துக்கொண்டிருக்கும் பிளம்பரின் கை சட்டென்று நிற்கிறது. டம்ளரில் நான்கு பல் பிரஷ்கள். மூன்றில் ஈரம், மகளுடையது மட்டும் சருகாய்க் காய்ந்து தூசி படிந்திருக்கிறது. "உங்க மகாராணி திருந்திட்டாங்க. பதினஞ்சு நாளா தம்பியோட பாத்ரூமுக்குச் சண்டையே இல்ல!" அடுப்படியிலிருந்து மனைவி சிரிக்கிறாள். அவர் ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் போய், மகளின் மூடிய அறைக் கதவைத் தட்டுகிறார். "கண்ணு, என்னடா பண்ணுது?" "எழுந்திரிக்கவே பிடிக்கலப்பா. எதுக்கு எழுந்திரிக்கணும்?" பதினாறு வயதுக் குரலில் துளி உயிரில்லை. "திட்ட மாட்டேன்டா. டாக்டர்கிட்ட போலாம், நானும் கூட வரேன்." அவர் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையிலேயே உட்காருகிறார். வெகுநேரம் கழித்து உள்ளே காலடிகள் இழுபட்டு வருகின்றன. மறுபுறம் அவளும் சாய்ந்து உட்கார, அவளுடைய அழுகை கதவுப் பலகை வழியே அவர் முதுகில் அதிர்கிறது.