ஞாயிற்றுக்கிழமை மீன்

"திருடி! மீன் திருடி! புடிச்சுட்டேன்!"

மாசானம் போட்ட சத்தத்தில் தாராவியில் பாதிப் பேர் ஆற்றங்கரைக்கு ஓடி வந்துவிட்டார்கள்.

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள் அன்னத்தாய். அவள் கையை மாசானம் இறுக்கிப் பிடித்திருந்தான். பக்கத்தில், கம்பில் கட்டிய மூங்கில் கூடை ஒன்று தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது.

பிடித்தவன் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தக் கொழுந்தன்தான். அன்றைக்கு ஆற்றுக் காவல் அவன் முறை. சோற்றுக்குப் போனவன் பாதி வழியில் திரும்பியிருக்கிறான்.

"மதினியா இருந்தாலும் விடமாட்டேன். காவல்னா காவல்தான்!"

"கைய விடுல. நான் எங்கயும் ஓடமாட்டேன்."

அந்தக் கூடையில் கை வைப்பது லேசான குற்றமில்லை. மித்தி ஆற்றைக் காப்பாற்ற ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் சங்கத்தின் உயிரே அதில்தான் இருந்தது. ஞாயிறுதோறும் காலையில் ஒரு மடவை மீனைக் கூடையில் போட்டு ஆற்றில் இறக்குவார்கள். சாயங்காலம் ஊர் கூடி எடுத்துப் பார்க்கும். மீன் உயிரோடு இருந்தால் ஆறும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு வழி வகுத்தவர் தோல் பதனிடும் கிடங்கு வைத்திருந்த தங்கபாண்டி முதலாளி. அறுபத்தாறாம் வருஷத்து மழைக்காலத்தில் ஊர்ச் சபையில் வைத்துச் சவால் விட்டார்.

"மீன் பொழைக்கிற வரைக்கும் என் கிடங்குக் கழிவு பள்ளத்துக்குப் போவும். என்னைக்குச் சாவுதோ, அன்னைக்கே பழையபடி ஆத்துக்குத்தான். செத்த ஆத்துக்கு எதுக்குவே வைத்தியம்?"

மழை நின்று மாதக்கணக்கில் ஆகியும் மீன் சாகவில்லை. அந்தத் தெம்பில் பெண்கள் குப்பையை ஆற்றில் கொட்டுவதை விட்டார்கள். மற்றக் கிடங்குக்காரர்களும் வெட்கத்துக்கு அஞ்சிப் பள்ளம் தோண்டினார்கள்.

சங்கத் தலைவர் சிவனாண்டி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, கொழம்பு வைக்க ஊர் மீன்தான் கெடைச்சுதா?"

"ஒத்த மடவையில கொழம்பா? ரேஷன் அரிசிக்கே காணாதே, அண்ணாச்சி!"

கூட்டம் சிரித்தது. அதற்குள் யாரோ கரையிலிருந்த குடத்தின் மேல் கிடந்த துணியை விலக்கினார்கள். உள்ளே இன்னொரு மடவை சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது.

சிரிப்பு நின்றது.

"இது என்ன?" என்றார் சிவனாண்டி.

"மாத்துறதுக்குக் கொண்டாந்தது. கோலிவாடா மீனவங்ககிட்ட வாங்குனேன்."

"மாத்துறதுக்கா?"

"ஆமா. மழை நின்னதுல இருந்து வாராவாரம் நாந்தான் மாத்துதேன். காவக்காரன் சோத்துக்குப் போற நேரம் பாத்து, செத்ததை எடுத்துட்டு உசுருள்ளதைப் போட்டுருவேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார் தங்கபாண்டி. அவருக்கா சந்தோஷம் தாங்கவில்லை.

"கேட்டீராவே தலைவரே? பொய் மீனைக் காட்டில்லா என்னைப் பள்ளம் தோண்ட வச்சிருக்கிய! நாளையில இருந்து பள்ளம் பந்த். கழிவு ஆத்துக்குத்தான்!"

சிவனாண்டிக்கு அவமானமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அது பாய்ந்தது என்னவோ அன்னத்தாய் மேல்தான்.

"ஊரையே ஏமாத்திட்டியே! சபையில விழுந்து கும்பிடு. மொதலாளி கால்லயும் விழு."

அந்த ஊர்க்கூட்டத்தின் வழக்கம் அது. குற்றம் செய்தவர் எல்லோர் முன்னாலும் தரையில் விழுந்து எழுந்தால் விவகாரம் தீர்ந்தது. பெரிய பெரிய சண்டியர்களெல்லாம் பேசாமல் விழுந்திருக்கிறார்கள்.

"விழமாட்டேன்."

"என்னது?"

"விழமாட்டேன். செத்த மீனைக் காட்டியிருந்தா இவரு அன்னைக்கே கழிவைத் தொறந்து விட்டுருப்பாரு. நீங்களும் தலைவிதின்னு வீட்டுக்குப் போயிருப்பிய. கடல் ஏறும்போது என் குடிசைக்குள்ள வாரது இந்தத் தண்ணிதான். என் புள்ளைக அதுல நின்னுதான் சோறு திங்குதுக. ஆமா, பொய்தான் காட்டுனேன். இன்னும் ஒரு வருசம் காட்டச் சொன்னாலும் காட்டுவேன்!"

மாசானம் தானாகவே அவள் கையை விட்டான்.

"பொய்யைக் காட்டுனா ஆறு பொழைச்சிருமா, ஏட்டி?" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கபாண்டியே தண்ணீரில் இறங்கினார். "உங்க ஆத்தோட லெச்சணத்தை எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க!"

கம்போடு கூடையைப் பிடுங்கித் தூக்கினார்.

பொலபொலவென்று தண்ணீர் வடிந்தது. பெண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இத்தனை மாதம் பட்ட பாட்டின் பிணத்தைப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

கூடைக்குள் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது. துள்ளிய வேகத்தில் முதலாளியின் வெள்ளைச் சட்டை நெடுகச் சேறு தெறித்தது.

"அதுக்குள்ள மாத்திட்டியா?" என்று கத்தினார் அவர்.

அன்னத்தாய் கூடையைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் கணீரென்று இருந்த குரல் இப்போதுதான் உடைந்தது.

"கூடையத் தொடுமுன்னாலயே என்னைப் புடிச்சுட்டாகளே, மொதலாளி! நான் கொண்டாந்த மீனு கொடத்துலதான் கெடக்கு. இது... காலையில ஊர் போட்ட மீனுல்லா!"