வரிக்கு நேரே ஒரு பெயர்

"உங்க புக்குல போட்டிருந்தத அப்படியேதான் அடிச்சேன். நாலு மாசமா எழுதினது ஒண்ணுகூட இல்ல."

ஸ்பீக்கர் போனில் இலத்தூர் ஜஸ்டின். அழுது முடித்தவன் குரல் போலிருந்தது. பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்து நிரல் எழுதிக்கொடுக்கும் முதல் வேலையாம். நாளைக்கு ஒப்படைக்க வேண்டுமாம்.

நம்பிராஜன் அண்ணாச்சி போனை வைத்தார்.

அவன் பார்த்து அடித்த பக்கத்தில் இருந்த எச்சரிக்கை வரியை எடுத்தது நான்.

யார், என்றைக்கு, எதை, ஏன் மாற்றினார்கள் என்று ஒன்றுவிடாமல் பதிந்து வைக்கிற ஒரு மென்பொருள். அதற்குத் தமிழில் கையேடு போடுவதுதான் குத்துக்கல்வலசையில் எங்கள் மூன்று பேருக்கும் பிழைப்பு. வித்யாலட்சுமி எழுதுவாள். நான் வாக்கியங்களைச் செப்பனிடுவேன். அண்ணாச்சி முதலாளி. கையேட்டையும் அதே மென்பொருளில்தான் வைத்திருக்கிறோம்.

போன ஜூனில் ஒரு மதியம், அருவியில் குளிக்கத் தடை நீங்கிவிட்டது என்று செய்தி வந்தது. சாரல் காலத்தில் அதைக் கேட்டபின் தென்காசிக்காரர்களுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளுமா? வித்யா துண்டோடு வாசலில் நின்றாள். எனக்கு ஒரு பக்கம் பாக்கி.

'இந்தக் கட்டளையைக் கொடுத்தால், நீங்கள் இதுவரை பதிவு செய்யாத கோப்புகள் எல்லாம் அழியும். திரும்பப் பெற முடியாது.'

மேல் வரியிலேயே 'கோப்புறை சுத்தமாகும்' என்று இருக்கிறதே, இவள் எதற்கு நீட்டி முழக்குகிறாள் என்று அதை அழித்தேன். பக்கம் அழகாகத்தான் இருந்தது. ஐந்தருவியில் நனைந்து, சுடச்சுட பஜ்ஜி தின்று, மறந்தும் போனேன்.

நாலு மாத வேலையை ஒரு தடவைகூடப் பதிவு செய்யாமல் வைத்திருந்தது ஜஸ்டினின் மடத்தனம்தான். ஆனால் அப்படிப்பட்டவர்களுக்குத்தானே கையேடே.

"யம்மா வித்யா, எந்த வரிய யாரு எழுதினாங்கன்னு காட்டும்லா, அதத் தொற" என்றார் அண்ணாச்சி.

இந்த வேலை போனால் எனக்கு மறுபடி சென்னைதான். மகளை இப்போதுதான் இங்கே எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கிறேன். வித்யா திறந்தாள்.

ஒவ்வொரு வரிக்கு நேரேயும் பெயர் வந்தது.

வித்யாலட்சுமி. வித்யாலட்சுமி. வித்யாலட்சுமி.

என் பெயரைக் காணோம்.

அப்புறம்தான் உறைத்தது. அந்த ஒரு வரியை எடுத்ததைத் தவிர இந்தப் பக்கத்தில் நான் வேறெதையும் தொடவில்லை. இருக்கிற வரிக்குத்தான் அது பெயர் காட்டும். எடுத்த வரியே அங்கே இல்லை, எடுத்தவள் பெயர் எப்படி வரும்? பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகத் தோண்டினால் மாட்டுவேன். அண்ணாச்சிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அப்பாடா என்று இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இருந்தது.

வித்யா திரையை மேலும் கீழும் நகர்த்தினாள். திரும்பவும் நகர்த்தினாள்.

"எழுதினதா ஞாபகம், அண்ணாச்சி. விட்டுட்டேன் போலிருக்கு."

காலையில் அலுவலகம் திறக்கிற சாவி அவளிடம்தான் இருக்கும். அண்ணாச்சி அதற்குக் கையை நீட்டினார். அவள் பையில் துழாவி எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மறுபடி அந்தப் பக்கத்தையே வாசிக்க ஆரம்பித்தாள், எங்கேயாவது இருந்துவிடாதா என்று.

எனக்கு முதலில் இருந்த பயம் தேவலை என்று ஆகிவிட்டது.

என் கணினியில் அதே பக்கத்தைத் திறந்தேன். அவள் வரியை அவள் எழுதியிருந்தபடியே அடித்தேன். ஒரு சொல்லைக்கூடச் செப்பனிடவில்லை.

ஏன் இந்த மாற்றம் என்று மென்பொருள் கேட்டது. எப்போதும் கேட்கும். ஜூனில் அந்தக் கட்டத்தில் 'நடைத் திருத்தம்' என்று போட்டிருந்தேன்.

இப்போது, 'வித்யா எழுதியிருந்த வரி. ஜூனில் இதை எடுத்தது நான்தான். முத்துசெல்வி' என்று போட்டேன்.

அனுப்பினால் மூன்று பேர் திரையிலும் வரும். மகளின் சீருடை ஞாபகம் வந்தது. சற்றுமுன் நானே அடித்த வரி திரையில் நின்றது. 'திரும்பப் பெற முடியாது.'

அனுப்பினேன்.

அண்ணாச்சியின் கணினியில் மணி அடித்தது. அவர் கண்ணாடியைத் தேடினார்.