மாவுக்குள் போன ஊசி

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது கமர்தீன் மாஸ்டரின் மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. பிரியாணி மாஸ்டருக்கு மூக்கு போனால் அப்புறம் என்ன இருக்கிறது? ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கறியில் செருகினால் சூட்டைச் செல்போனுக்கு அனுப்பும் ஊசி ஒன்றைத் திருட்டுத்தனமாக வாங்கிக்கொண்டார். பதம் வந்ததும் சட்டைப்பையில் போன் அதிரும். அவர் பிரியாணி தேக்சாவின் மேல் குனிந்து, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "தம்மை உடைங்கப்பா" என்பார். கல்யாண வீடே சொக்கிப்போகும்.

இன்று போன் அதிரவே இல்லை. திரும்பி நின்று எடுத்துப் பார்த்தார். மூடியை மைதா மாவால் ஒட்டியதிலிருந்து சூட்டின் எண் எழுபத்தொன்றிலேயே நின்றது. யா அல்லாஹ்! ஊசியின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் போனுக்குச் சேதி வரும். அதையும் சேர்த்து மாவுக்குள் அமுக்கிவிட்டிருக்கிறார். விறகு வேறு ஈரம். நேரக் கணக்கும் உதவாது.

"என்ன மாஸ்டர், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எவ்ளோ நேரந்தான் வெறும் எலையப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க?" என்றார் பெண்ணைப் பெற்றவர்.

"அவசரப்பட்டா கறி வேகுமா? பத்து நிமிஷம் பொறுங்க." மாஸ்டர் குனிந்து, எல்லோரும் பார்க்க ஒரு இழுப்பு இழுத்தார். "இப்பத்தான் வாசனையே கெளம்புது."

இருபது வருஷமாகக் கூடவே அடுப்படியில் நிற்கும் ஹபீப், கரண்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணே," என்றார் மெதுவாக, "அடி புடிச்சுத் தெருவே நாறுதுண்ணே."

மாஸ்டர் மறுபடியும் குனிந்தார். இன்னும் ஆழமாக இழுத்தார்.