ஆனை போன பக்கம்

யானை பிளிறிய சத்தம் கேட்டதும், பக்கத்து வளவு மயில்வாகனம் அதை விரட்டத் தகரத்தை அடித்துக்கொண்டு விசாலாட்சியின் வாசல் படலைக்கு ஓடிவந்தார்.

“தங்கச்சி, திரும்பவும் வந்திட்டுதோ? எந்தப் பக்கம் போயிட்டுது?”

“குசினிப் பக்கம்,” என்றாள் அவள் வெறுப்போடு. “உள்ளுக்க இருந்து தேத்தண்ணி குடிக்குது.”

மயில்வாகனம் கையிலிருந்த தகரத்தைக் கீழே போட்டுவிட்டார்.

“பயப்பிடாதேங்கோ அண்ணை, எங்கட இவர்தான். மேடையில பபூனாய் நிண்டு ஊரையே சிரிக்க வைச்ச மனிசன். இப்ப கொழும்பு ரேடியோவில சின்னப்பிள்ளையளின்ர நாடகத்துக்கு ஆனைக் குரல் குடுக்கிறாராம். கிழமை முழுக்க வீட்டில பிளிறிப் பிளிறிப் பழகிறதுதான் வேலை. எனக்குத் தலை வெடிக்குது!”

“அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் தகரம் அடிச்சது இவருக்கோ? இனி என்ன சத்தம் கேட்டாலும் ஒருத்தரும் வரமாட்டம், சொல்லிப்போட்டன்!”

அவர் முணுமுணுத்துக்கொண்டே தன் வளவுக்குள் போய்ச் சேர்ந்ததும் மறுபடியும் பிளிறல் கேட்டது. முன்னையதைவிட அசலாக இருந்தது.

“இன்னொருக்காக் கத்தினால் இரவைக்குச் சோறு இல்லை!” என்று விசாலாட்சி சீறினாள்.

குசினி வாசலில் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்ற கணவனின் முகம் வெளுத்திருந்தது.

“இஞ்சரப்பா, நான் வாயே திறக்கேல்லை.”

வயல் பக்கம் வேலி முறிந்தது.

“ஆனை! ஆனை!” என்று இருவரும் அலறினார்கள்.

பக்கத்து வளவில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.