சரியாத கிடாரம்

"என்ட அடுப்புல ஆர் கை வெச்சது?"

வாவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த கந்தப்போடி போட்ட சத்தத்தில், முகாமில் பாதிப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

கடல் ஊருக்குள் வந்து பத்தாம் நாள். களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஐந்நூறு பேர் கிடந்தார்கள். அவர்களுக்குச் சோறு சமைக்க மண்டூரிலிருந்து கந்தப்போடியும், பருப்புக்குக் காத்தான்குடியிலிருந்து கச்சி முகம்மதுவும், யாரும் கூப்பிடாமலே பெரிய சமையல் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். முன்னவர் கோயில் திருவிழாவில் பேர் எடுத்தவர், பின்னவர் பள்ளிவாசல் கந்தூரியில். ஒரே மைதானத்தில் இரண்டு பெரிய சமையல்காரர் என்றால், மூன்றாவதாக ஒரு அடுப்பும் புகையத்தானே செய்யும்.

முதல் நாளே உரசல். கச்சி முகம்மது உழவு மெசினின் பழைய இரும்புத் தட்டு மூன்றை மணலில் புதைத்து, அவற்றின்மேல்தான் அடுப்புக் கல்லை வைப்பார். சோற்றுக் கிடாரம்தான் பாரம் கூட, போடியாரே இதை வைத்துக்கொள்ளட்டும் என்று நீட்டியும் பார்த்தார்.

"இரும்புல ஏத்தித்தான் கிடாரம் நிக்கும் எண்டா, சமைக்கிற கை என்னத்துக்கு காக்கா?" என்று, அண்ணனைக் கூப்பிடும் 'காக்கா'வையும் சேர்த்து, முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார் கந்தப்போடி.

மண்டூரில் வழக்கம் வேறு. தரையில் தண்ணீர் தெளித்து, உலக்கையால் இடித்து, காலால் மிதித்துவிட்டால் போதும், மண் கல்லாக இறுகிவிடும். முப்பது வருடமாக அப்படித்தான் செய்தார். ஆனால் அது வயல் களிமண். இது கடற்கரை மணல், அதிலும் சரிவு. ஈரம் இருந்த வரைக்கும் நல்ல பிள்ளையாக இருந்தது. நெருப்புச் சூட்டில் மணல் காய்ந்ததும் ஒரு கல் இறங்கியது. நேற்று மத்தியானம் ஒரு கிடாரம் சோறு அப்படியே மண்ணில் போய்விட்டது. பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

முகாமைப் பார்த்துக்கொண்ட பள்ளிக்கூடத்துத் தானியா ரீச்சர் நேற்று இரவு மெதுவாகத்தான் சொன்னார். நாளைக்கும் சரிந்தால் மறுநாளிலிருந்து டவுனில் சோற்றுப் பார்சலுக்குச் சொல்லிவிடுகிறேன், போடியார் ஊருக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றார். அந்த 'ஓய்வு' கந்தப்போடிக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பசித்த பிள்ளைகளின் முகம் அதைவிடத் தைத்தது.

இடித்தது காணாது, இன்னும் வேண்டும் என்று நினைத்து, விடிய எழும்பி இன்னும் ஓங்கி இடித்து, கல்லை வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் கல்லைச் சுற்றி மணல் கலைந்து கிடக்கிறது. பக்கத்தில் கச்சி முகம்மது கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்.

"ஒரு கல்லு ஆடின மாதிரிக் கிடந்திச்சு போடியார். அமத்தி வெச்சன்."

"ஆட்டிப்போட்டு அமத்தினதெண்டு சொல்றீங்களா? இனி என்ட அடுப்புப் பக்கம் வராதீங்க காக்கா."

கச்சி முகம்மது தன் அடுப்புக்குப் போய்விட்டார். பிடிபட்ட ஆள் இங்கே நிற்பாரா என்று கந்தப்போடி நினைத்துக்கொண்டார்.

கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. "முருகா" என்று கிடாரத்தை ஏற்றினார்.

உலை கொதித்தது. அரிசி விழுந்தது. கந்தப்போடி கிடாரத்தின் விளிம்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது.

சரிந்தது பக்கத்து அடுப்பு. பருப்புக் கிடாரம் ஒரு பக்கமாகச் சாய, கச்சி முகம்மது அதன் காதுக்குள் ஒரு தடியைக் கொடுத்து, கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு முட்டுக்கொடுத்து நின்றார். ஒரு மணி நேரம் அப்படியே நின்றார்.

"இரும்புத் தட்டு வெச்ச ஆளுக்கே இந்தக் கெதி" என்றார் கந்தப்போடி, எல்லாருக்கும் கேட்கும்படி.

மைதானம் சிரித்தது. பத்து நாளில் அது சிரித்தது அன்றைக்குத்தான். கச்சி முகம்மதுவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பன்னிரண்டரைக்குச் சோறு இறங்கியது. ஒரு பருக்கை மண்ணில் விழவில்லை. ஐந்நூறு பேருக்கும் சுடச்சுடச் சோறும் பருப்பும். பிள்ளைகள் இரண்டாம் தரமும் சோற்றுக் கோப்பையை நீட்டினார்கள். யாரோ ஒருவர் கை தட்ட, ஆளுக்காள் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ரீச்சர் வந்து, பார்சல் கதையை மறந்துவிடுங்கள் போடியார் என்றார். கந்தப்போடி தோள் துண்டை உதறித் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார். அவருக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

வென்றவருக்கு வாய் சும்மா இருக்குமா? கச்சி முகம்மதுவைக் கையோடு கூட்டி வந்தார்.

"வாங்க காக்கா, மண் இடிக்கிற விதத்தக் காட்டுறன்."

"வேணாம் போடியார். கல்லு சூடாக் கிடக்கும். மறுகா பாப்பம்."

"பாத்திட்டுப் போங்க. சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்கும்."

ரீச்சரையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக்கொண்டு, மம்பட்டியால் கல்லை நெம்பிப் புரட்டினார்.

காய்ந்த மணல் பொலபொலவென்று சரிந்தது. அடியில் ஒரு இரும்புத் தட்டு கிடந்தது. அடுத்த கல்லைப் புரட்டினார். அதற்கடியிலும் ஒன்று. மூன்றாவது கல்லை அவர் தொடவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். கச்சி முகம்மது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்குள் உள்ளங்கையில் இருந்த கொப்புளங்களைக் கந்தப்போடி கண்டுவிட்டார். தலைப்பாகையை அவிழ்த்தார்.

"உங்கட அடுப்புக்கு வெச்சிரிக்கலாமே காக்கா."

"மூணு தட்டுத்தானே கிடந்திச்சு போடியார். ஒரு கிடாரத்துக்குத்தான் காணும்."