அடைக்கலமேரியின் மன்றாட்டு

மழை கேட்டு ஒன்பது நாள் ஜெபிக்கும் நவநாளின் கடைசி நாள். அந்தச் சின்ன ஓட்டுக் கோயிலுக்குள் எல்லோரும் கைகூப்பி முழந்தாளிட்டிருந்தார்கள். அடைக்கலமேரி மட்டும் இரண்டு கைகளையும் சிலுவையாக விரித்து, மாதா சுரூபத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

உபதேசியார் அருளானந்து ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே அவளைக் கவனித்தார். சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஊருக்கு ஜெபம் சொல்ல அருளானந்துதான். எத்தனையோ துக்கத்தைப் பார்த்தவர் அவர். இப்படி ஓர் அழுகையைப் பார்த்ததில்லை.

"அந்தப் பொம்பள அழுகைக்காகவாச்சும் வானம் எறங்கும், உபதேசியாரே" என்றான் வாசலில் நின்ற சின்னக்கருப்பு. அவன் வேதக்காரன் இல்லை. காய்ந்துபோன வயல் அவனையும் மாதாவிடம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

அது எழுபத்து நாலாம் வருஷம். ஆடி பொய்த்து, ஆவணி பொய்த்து, ஐப்பசி பாதி கழிந்தும் வானம் வெளிறிக் கிடந்தது. விதைநெல்லை அவித்துத் தின்றாகிவிட்டது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அது இப்படி அடிவரைக்கும் காய்ந்ததை, அடைக்கலமேரியின் மகள் ஓடிப்போன அந்தக் கோடைக்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

மகள் சலேத்மேரி, கண்டரமாணிக்கத்தில் ஓர் ஆச்சி வீட்டில் வேலைக்கு நின்றவள். அங்கே வெள்ளையடிக்க வந்தவனோடு பஸ் ஏறிப் போய்விட்டாள் என்று அவள் அப்பன் இன்னாசிதான் கோயில் வாசலில் நின்று சொன்னான். இனி அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்றும் சொன்னான். ஊரும் எடுக்கவில்லை. போன தவக்காலத்தில் இன்னாசியும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

புருஷன் போனபின் அடைக்கலமேரி ஆளே மாறிவிட்டாள். கண்மாய் வற்றத் தொடங்கியதும், விடிந்தால் குடமும் மண்வெட்டியுமாக அதற்குள் இறங்கிவிடுவாள். ஊர்ப் பெண்கள் எல்லோருமே அங்கே ஊற்றுத் தோண்டித்தான் குடிதண்ணீர் எடுத்தார்கள். ஆனால் உச்சி வெயிலில் அவள் திரும்பும்போது குடம் காலியாகவே இருக்கும்.

"ஊத்து கெடைக்கலையா தாயி?" என்று உபதேசியார் ஒருநாள் வழிமறித்துக் கேட்டார்.

"இல்ல. நாளைக்கு வேற எடம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். அவள் நகக்கண்களில் மண் அப்பியிருந்தது.

பாவம், ஒண்டிக்கட்டை. மகள் என்றைக்காவது திரும்பி வந்தால் ஒரு வாய்த் தண்ணீராவது கொடுக்க வேண்டும் என்று கிடந்து அல்லாடுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நவநாளில் தினமும் அவளுக்காகவும் ஒரு ஜெபம் சேர்த்துச் சொன்னார்.

ஜெபம் முடிந்து ஜனங்கள் வீடு போய்ச் சேரவில்லை, அதற்குள் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் மண்வாசம். பிறகு புளியங்கொட்டை கனத்தில் துளிகள். பிறகு கண்ணைத் திறக்க முடியாத மழை.

ஊர் முழுக்கத் தெருவில் நின்று நனைந்தது. யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள். மாதா மனம் இரங்கியது யாருடைய கண்ணீருக்கு என்று உபதேசியாருக்குத் தெரியும். அவளை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் என்று தேடினார். வீடு திறந்து கிடந்தது. ஆள் இல்லை.

"மம்பட்டியத் தூக்கிக்கிட்டுக் கம்மாய்ப் பக்கமா ஓடுச்சு" என்றான் சின்னக்கருப்பு. "கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கலை."

அருளானந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கரையேறினார். கரை ஓரமாகவே வெகுதூரத்துக்கு அவள் தோண்டிய குழிகள். அத்தனையிலும் செந்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஊற்றுக்குழி வட்டமாக இருக்கும். இவை நீளமாக இருந்தன.

கடைசிக் குழிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்ட வெட்டச் சேறு சரிந்து குழியை மூடியது. பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே துழாவினாள்.

"மேல வா தாயி. வரத்துக்கால் வழியா கம்மாய்க்குத் தண்ணி வந்துருச்சு" என்று உபதேசியார் கையை நீட்டினார். "ஒன் கண்ணீருக்குத்தான் மாதா மழையக் குடுத்துருக்கா."

"நான் மழை வேணாம்னு அழுதேன், உபதேசியாரே."

இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, எப்படியாவது பேசித்தான் மேலே ஏற்ற வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

"மனச விட்றாத தாயி. சலேத்து எங்குட்டாச்சும் நல்லாத்தான் இருப்பா. பெத்தவளப் பாக்க ஒரு நாளைக்கு வராமயா போவா?"

அவள் துழாவுவதை நிறுத்தினாள். நிமிர்ந்து, முகத்தில் வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்காமல் அவரைப் பார்த்தாள்.

"அவுக சாகுறப்ப சாமியார் வந்து சேரலை. பாவத்த எங்கிட்டத்தான் சொன்னாக."

"இன்னாசியா? என்ன சொன்னான்?"

மணிச்சத்தம் ஊருக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் அவள் மார்புக்கு ஏறியிருந்தது.

"மகளக் கம்மாய்க்குள்ள பொதைச்சுட்டேன்னு சொன்னாக, எந்த எடம்னு சொல்லாமப் போயிட்டாக."